ஞாயிறு எழுதிய சனிக்கிழமைகள்

ஜூன் 14, சனி

தாரிகாவுக்கு மறுபடியும் வயிற்று வலி. ராத்திரி இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டு, "போதும்மா, வலிக்குது" என்று சுருண்டு படுத்துக்கொண்டாள். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். முகத்தைச் சுளித்து ஒரு வாய் குடித்தாள், அதையும் வாந்தி எடுத்துவிட்டாள்.

மற்றபடி வழக்கமான சனிக்கிழமைதான். மெஷினில் துணி போட்டேன், மாவு அரைத்தேன், ஃப்ரிட்ஜைத் துடைத்தேன். போன வாரமும் அதைத் துடைத்தேன். என்ன செய்ய, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சாயங்காலம் அவளைத் தயார் செய்தேன். அரை மணி நேரம்தான். மறுநாள் அவள் அப்பா என்னென்ன கேட்பான், எதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும், எதைச் சொல்லவே கூடாது என்று ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. எட்டு வயதுக் குழந்தையை ஒன்றும் சொல்லித் தராமல் அந்த மனிதனிடம் அனுப்ப எனக்கென்ன பைத்தியமா?

இதை எழுதுவது ஞாயிறு காலை, சிங்காநல்லூர் பேக்கரியில். பத்து மணிக்கு யுவராஜ் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். ஐந்து மணிக்கு இதே வாசலில் கொண்டுவந்து விடுவான். கோர்ட் போட்டுக் கொடுத்த ஏற்பாடு. சனிக்கிழமை எழுத நேரம் இருப்பதில்லை, அதனால் அந்தப் பக்கத்தை எப்போதும் இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுதி முடித்தால் பிறகு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. டீ ஆறிவிட்டது.

டேக்: வீடு, தயார், வலி

ஜூன் 16, திங்கள்

வக்கீல் ரெஜினா மேடத்தைப் பார்த்துவிட்டு ஆபீஸுக்குத் தாமதமாகப் போனேன்.

யுவராஜ் புது மனு போட்டிருக்கிறான். ஞாயிறு பகல் அவனுக்குப் போதாதாம். சனிக்கிழமை மத்தியானமே குழந்தையை அனுப்ப வேண்டுமாம், ராத்திரி அவனோடு தங்க வேண்டுமாம். சேர்ந்திருந்த ஒன்பது வருஷத்தில் அவள் ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் என்று அவனுக்குத் தெரியாது. இப்போது திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வருகிறது. சனிக்கிழமையே போய்விட்டால் நான் அவளை எப்போது தயார் செய்வது?

"ஞாயித்துக்கெழம போறதே பிள்ளைக்கு ஒத்துக்கலன்னு நாம காட்டணும்" என்றார் ரெஜினா. "காட்டுனா சனிக்கெழமயத் தடுக்கலாம், ஞாயித்துக்கெழமயவும் மாசத்துக்கு ஒண்ணுன்னு குறைக்கலாம். ஜூலை பதினாலு கோர்ட் கவுன்சலர் உங்க ரெண்டு பேரயும் கூப்புட்டிருக்காங்க. வாயில சொன்னா எடுபடாதுங்க கோகிலா. தேதி வேணும். என்னிக்கு வலி வந்துச்சு, என்னிக்கு வாந்தி எடுத்தா, எல்லாம் தேதியோட."

எனக்குச் சிரிப்பு வந்தது. தேதியா? என்னிடமா கேட்கிறீர்கள்?

டேக்: கோர்ட்

ஜூன் 18, புதன்

ஆபீஸில் என் வேலையே மற்றவர்கள் செய்த மென்பொருளுக்கு விளக்கம் எழுதுவதுதான். எல்லாவற்றையும் ஒரு விக்கியில் பக்கம் பக்கமாகப் போட்டு வைப்போம். யுவராஜை விட்டு வந்த மாதத்தில் அதே மாதிரி ஒன்றை வீட்டு லேப்டாப்பில் எனக்கென்று போட்டுத் தரச் சொன்னேன். பக்கத்து சீட்டு பிலால்தான் போட்டுக் கொடுத்தான். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். அடியில் டேக். மளிகை, பள்ளிக்கூடம், கேஸ் சிலிண்டர், வலி, எதுவாக இருந்தாலும் ஒரு சொல். எந்தச் சொல்லைக் கேட்டாலும் அந்தச் சொல் உள்ள பக்கங்களை மட்டும் பொறுக்கி எடுத்துத் தரும். என் வாழ்க்கையில் சொன்னபடி கேட்கிற ஒரே பொருள் அது.

இன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் 'வலி' என்று ஃபில்டர் போட்டேன். வந்த பக்கங்களைக் கிழமை வாரியாகக் குரூப் செய்யச் சொன்னேன். செவ்வாய் ஒன்று. வியாழன் ஒன்று. அது பள்ளிக்கூடத்தில் கண்டதைத் தின்றுவிட்டு வந்த நாளாக இருக்கும். ஞாயிறு என்ற தலைப்பின் கீழே மட்டும் வரிசை நீண்டுகொண்டே போனது. விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியிருந்தது.

எந்தப் பக்கத்தையும் திறந்து படிக்கவில்லை. வரிசையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதே. ஞாயிறு, ஞாயிறு, ஞாயிறு. அவனிடம் போகிற நாள். என் குழந்தைக்கு வலிக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். எழுதுகிறபோது அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் பட்டேன்.

டேக்: கோர்ட், ஆபீஸ்

ஜூன் 21, சனி

புது வெர்ஷன் வெளியிடுகிற வாரம் என்பதால் ஆபீஸ். ராத்திரி எட்டரைக்குத்தான் வீடு. கீழ்வீட்டு ஜோதிமணி அக்காதான் தாரிகாவை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டார்.

"அம்மிணி மூணு தோச தின்னுபோட்டு, டிவி பாத்துட்டே தூங்கிருச்சு கண்ணு. எழுப்பாத, தூக்கிட்டுப் போ" என்றார்.

தூக்கிக்கொண்டு மாடியேறினேன். கனமாகிவிட்டாள். எழுப்பித் தயார் செய்யலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். நல்ல தூக்கம், விட்டுவிட்டேன். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

டேக்: ஆபீஸ், வீடு

ஜூன் 22, ஞாயிறு

யுவராஜ் பேக்கரி வாசலில் ஒரு நிமிஷம் நின்றான். முன்பெல்லாம் அவனை 'ஏங்க' என்பேன். இப்போது கூப்பிட ஒரு சொல்லும் இல்லாமல் போய்விட்டதால், அவன் பேசும்வரை தேங்காய் பன் அடுக்கியிருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கோகிலா, அவளுக்கு வயிறு வலின்னு வக்கீல் நோட்டீஸ்ல இருக்கு. எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லயே. டாக்டர்கிட்ட காட்டுனியா?"

"காட்டிட்டேன். உடம்புல ஒண்ணுமில்லன்னுட்டாரு."

"அப்புறம் எதுக்கு வலிக்குது?"

"நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனான். நல்ல பதில் சொன்னோம் என்று அரை மணி நேரம் திருப்தியாக இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் நடந்தேன்.

டேக்: யுவராஜ்

ஜூன் 28, சனி

கடுமையான வலி. இரண்டு தடவை வாந்தி. போன வாரம் தயார் செய்யாமல் விட்டதற்கும் சேர்த்து இன்று கொஞ்சம் கூடுதலாக உட்கார வேண்டியதாயிற்று. 'ராத்திரி அப்பாகூடத் தங்குறியா' என்று கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். "அம்மாவ விட்டுட்டு எனக்குத் தூக்கம் வராது" என்று சரியாகத்தான் சொன்னாள், ஆனால் தரையைப் பார்த்துச் சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்லு என்றேன். நாலைந்து முறை சொல்ல வைத்தேன். கடைசி முறை நன்றாக வந்தது. அப்புறம்தான் வலி என்றாள்.

பேக்கரியில் இன்று கூட்டம். என் மேஜையில் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள்.

டேக்: தயார், வலி

ஜூலை 2, புதன்

பட்டியலை அழகாக அச்செடுத்துக் கொடுக்கலாம் என்று லேப்டாப்பை ஆபீஸுக்கு எடுத்துப் போயிருந்தேன். பத்திகள் சரியாக வரவில்லை. பிலாலைக் கூப்பிட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. திரையைப் பார்த்துவிட்டு, "எந்தத் தேதிய வெச்சுக்கா குரூப் பண்ணீங்க?" என்றான்.

"தேதிய வெச்சுத்தான். ஒரு தேதிதானே இருக்கு?"

"ரெண்டு இருக்குக்கா. தலைப்புல நீங்க போடற தேதி ஒண்ணு. பக்கத்த என்னிக்குத் தொறந்து எழுதுனீங்கன்னு அதுவா குறிச்சுக்கறது ஒண்ணு. இது ரெண்டாவதுல நிக்குது. நாம இங்க அன்னன்னிக்கே எழுதிடறோம், ரெண்டும் ஒண்ணுதான். நீங்க மறுநா எழுதுற ஆளா?"

நான் பதில் சொல்வதற்குள் அவன் எதையோ மாற்றிவிட்டான். ஞாயிறு என்ற தலைப்பின் கீழே இருந்த வரிசை அப்படியே எழும்பி மேலே போய் உட்கார்ந்தது. சனி, சனி, சனி.

"பெருசா ஒண்ணுமில்லக்கா. ஒரு நாள் தள்ளிப் போயிருந்துச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

டேக்: ஆபீஸ்

ஜூலை 3, வியாழன்

ரெஜினாவுக்கு ஃபோன் செய்து சொன்னேன். அவர் அசரவில்லை.

"சனிக்கெழமயா? இன்னும் நல்லதாப் போச்சு. நாளைக்கு அப்பாகிட்டப் போகணுமேங்கற பயத்துல முந்தின நாளே பிள்ளைக்கு வயித்தக் கலக்குது. இதவிட என்ன வேணும் நமக்கு?"

அப்பாடா என்றிருந்தது. பயம். ஆமாம், பயம்தான். ராத்திரி ரசம்கூட நன்றாக வந்தது.

டேக்: கோர்ட்

ஜூலை 4, வெள்ளி

பயம் என்றால் எல்லாச் சனிக்கிழமையும் வர வேண்டுமே?

இந்த ஒரு வரி காலையில் பல் தேய்க்கும்போது வந்தது. விரட்டிப் பார்த்தேன், போகவில்லை. ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து, தாரிகா கீழே விளையாடிக்கொண்டிருந்தபோது வலி இல்லாத சனிக்கிழமைகளை மட்டும் எடுத்தேன். கொஞ்சம்தான் வந்தன. இந்தத் தடவை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். புது வெர்ஷன் வாரம், ஆபீஸ். ஜோதிமணி அக்கா. மூன்று தோசை. இன்னொன்று, ஆபீஸில் பயிற்சி. இன்னொன்று, எனக்கே காய்ச்சல், நாள் முழுக்கப் படுக்கை, தாரிகா கீழ்வீட்டில் சாப்பிட்டாள். இந்த எல்லா வாரமும் மறுநாள் யுவராஜிடம் போய்த்தான் வந்திருக்கிறாள். பயப்பட்டதாக ஒரு பக்கத்திலும் இல்லை.

அப்புறம் 'வலி'யும் 'தயார்'உம் சேர்ந்து வருகிற பக்கங்களைக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். அந்த ஒற்றைச் செவ்வாயும் வியாழனும் தவிர மொத்த வரிசையும் வந்தது.

இவ்வளவையும் எழுதினவள் நான். ஒன்றைக்கூட நான் திரும்பப் படித்ததில்லை.

கேஸ் அடுப்பைக் கழற்றித் துடைத்தேன்.

ஜூலை 5, சனி

எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தயார் செய்தேன். பத்து நிமிஷம்தான். குரலைக்கூட உயர்த்தவில்லை, மடியில் உட்கார வைத்துத்தான் கேட்டேன்.

வலித்தது.

டேக்: தயார், வலி

ஜூலை 8, செவ்வாய்

பெற்ற பிள்ளைக்கு வலிக்கிறதா என்று பார்ப்பதற்காக வலிக்க வைத்தவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நாலு நாளாக இந்த நினைப்பு என்னோடு பஸ்ஸில் வருகிறது, லிஃப்டில் ஏறுகிறது, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் உள்ளே இருக்கிறது.

இன்று ஒரு வேலை செய்தேன். 'தயார்' என்ற டேக்கை எல்லாப் பக்கங்களிலிருந்தும் எடுத்துவிட்டேன். ஒரே கட்டளைதான், சட்டென்று போய்விட்டது. பிறகு 'வலி'யை ஃபில்டர் போட்டால் வெறும் சனிக்கிழமைகள். பயம் என்று ரெஜினா சொன்னது அப்படியே பொருந்தியது. அச்செடுத்தால் வேலை முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது?

ஆனால் விக்கி எதையும் மறப்பதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் 'மாற்றங்கள்' என்று ஒரு சுட்டி உண்டு. அதைத் தொட்டால் இன்றைய தேதி, என் பெயர், சிவப்புக் கோடு அடித்த 'தயார்'. கவுன்சலர் இதையெல்லாம் பார்க்கப் போவதில்லை. நான் பார்ப்பேன்.

திருப்பிப் போட்டேன். அதையும் அது குறித்துக்கொண்டது.

ஜூலை 10, வியாழன்

இரண்டு டேக்கும் உள்ள முழுப் பட்டியலைக் கொடுக்கப்போகிறேன் என்று ரெஜினாவிடம் சொன்னேன்.

"உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கறீங்க கோகிலா. அவங்க கேட்டது வலி வந்த தேதி. அத மட்டும் குடுங்க. அது பொய் இல்லயே."

"பொய் இல்லீங்க மேடம்."

"சனிக்கெழம ராத்திரி போயிரும். தெரியுமில்ல?"

தெரியும். அது தெரிந்துதானே ஒரு வாரமாக வீட்டிலுள்ள பாத்திரத்தையெல்லாம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

டேக்: கோர்ட்

ஜூலை 12, சனி

சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தாரிகா தானாகவே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் உட்காருகிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு. நான் ஒன்றும் கேட்காததால் கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஒண்ணும் இல்லயாம்மா?"

"இல்ல."

"ஏன்? நாளைக்கு அப்பா வரலயா?"

"வருவாரு. நீ போய் விளையாடு."

போகவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு நான் கேட்காமலேயே ஒப்பிக்க ஆரம்பித்தாள். "அம்மாவுக்குச் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லணும். யாரு வீட்டுக்கு வர்றாங்கன்னு கேட்டா யாருமில்லன்னு சொல்லணும். அப்பா வாங்கித் தந்தா நல்லாருக்குன்னு சொல்லக்கூடாது, தேங்க்ஸ் மட்டும் சொல்லணும். ராத்திரி தங்குறியான்னு கேட்டா…" என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடி முகத்தைப் பார்த்தாள். "அம்மாவ விட்டுட்டு எனக்குத் தூக்கம் வராது."

ஒரு சொல் பிசகவில்லை. நான் மடித்த சட்டையையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அதெல்லாம் இனிமே வேண்டாம் தாரி."

"அப்ப அப்பா கேட்டா என்ன சொல்றது?"

"உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு."

ரொம்ப நேரம் யோசித்தாள். அழுகிற மாதிரிகூட முகம் போனது.

"எனக்கு என்ன தோணுதுன்னு எனக்குத் தெரியலயேம்மா" என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டேன். அழக் கூடாது என்று இருந்தேன், அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். அதையும் யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்களோ என்று ஒரு கணம் தோன்றியது, என் புத்தி அப்படிக் கெட்டுக் கிடக்கிறது.

ராத்திரி ஒன்றரை இட்லி சாப்பிட்டாள். வலிக்குமோ என்று காத்திருந்த மாதிரி கொஞ்ச நேரம் விழித்துக் கிடந்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

டேக்: வீடு

ஜூலை 14, திங்கள்

கவுன்சலர் சாரதாமணி அம்மாவின் அறையில் மின்விசிறி சத்தம் அதிகம். யுவராஜ் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். நான் கொடுத்த தாளை அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார்.

"வலின்னா புரியுது. 'தயார்'ங்கறது என்னங்கம்மா? அநேகமா எல்லா வரியிலயும் வருதே?"

வெளியே உட்கார்ந்திருந்த ரெஜினாவை நினைத்தேன். இன்னும்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பள்ளிக்கூடப் பையைத் தயார் செய்வது என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்?

"அது நானுங்க" என்றேன். "சனிக்கிழமை சாயங்காலம் அவளை உட்கார வெச்சு, அவங்கப்பாகிட்ட என்ன பேசணும்னு சொல்லிக் குடுப்பேன். அரை மணி நேரம். அதுக்கு அப்புறம்தான் அவளுக்கு வலி வருது."

யுவராஜ் என் பக்கம் திரும்பினான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தாளை வாங்கிப் படித்துவிட்டு, "ஒரு வருஷமாவா?" என்று மட்டும் கேட்டான்.

நீதிபதி சொல்கிறவரை காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் இந்த வாரமே தொடங்கலாம் என்றார் அந்த அம்மா. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ராத்திரி அவனோடு. கையெழுத்துப் போட்டேன்.

டேக்: கோர்ட்

ஜூலை 19, சனி

மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டிக்கொண்டு போனான். பல் தேய்க்கிற பிரஷ், நைட் டிரஸ், ஒரு கதைப் புத்தகம். ஓமத் தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்தேன், எடுத்தேன், மறுபடியும் வைத்தேன். 'அப்பா கேட்டா' என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, தலையை மட்டும் வாரிவிட்டேன்.

மெஷினில் துணி போட்டேன். ஃப்ரிட்ஜைத் துடைத்தேன். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை. சாயங்காலம் அந்த அரை மணி நேரம் வந்தபோது அவள் நாற்காலியின் எதிரே போய் உட்கார்ந்திருந்தேன்.

எட்டு மணிக்கு ஃபோன் அடித்தது. யுவராஜ். ஏதோ ஆகிவிட்டது என்றுதான் எடுத்தேன். எங்கோ ஒரு மூலையில் ஏதாவது ஆகியிருக்கட்டும் என்றும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

"சாப்டா. தோசை கருகிருச்சு, பரவால்லன்னு தின்னுட்டா. நீ யோசிச்சிட்டு இருப்பேன்னு கூப்பிட்டேன்."

"வயிறு?"

"ஒண்ணுமில்ல. தூங்கிட்டா."

சரிங்க என்றேன். ஃபோனை வைத்த பிறகுதான் அதிலிருந்த பழைய 'ங்க'வைக் கவனித்தேன்.

எனக்கு இப்போது வேலை எதுவும் இல்லை. அதனால் இந்தப் பக்கத்தைச் சனிக்கிழமையன்றே எழுதுகிறேன்.

டேக்: வீடு